நிற்பதற்கு எவ்வளவு?

"எஞ்சினுக்குப் பலம் ஏத்தோணும் அம்மணி. மொத்தம் எவ்வளவு ஆகும்னு சொல்லு" என்று கேட்டார் அர்த்தநாரி.

வசந்தாமணி அவர் நீட்டிய சீட்டை வாங்கிப் படித்தாள்.

சேந்தமங்கலம் பக்கம் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாப் பட்டறையும் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் வந்து சேரும் இடம் அவளுடைய பட்டறை. அர்த்தநாரிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டாள். பேசினால், பேசாமலே இருந்திருக்கலாமே என்று வந்தவர் நினைக்கும்படி பேசுவாள். அப்படியும் வாசலில் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன.

சீட்டில் எல்லாம் இருந்தது. பெரிய டர்போ. இன்டர்கூலர். கம்ப்யூட்டர் ட்யூனிங். புது சைலன்சர். இரண்டு நாள் உட்கார்ந்து, நாலு பேரை விசாரித்து எழுதியது. கூட்டுத்தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதற்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு.

பணத்துக்கு வழி இருந்தது. மனைவி ராஜாமணி சங்கிலியைக் கழற்றித் தருவதாகச் சொல்லிவிட்டாள். சொன்னபோது முகத்தைத்தான் காட்டவில்லை.

வேறு வழியும் இல்லை. கொல்லிமலை மேலே ஒரு காண்ட்ராக்டர் விடுதி கட்டுகிறார். சிமெண்ட் முழுக்க அர்த்தநாரியின் பிக்கப்பில்தான் ஏறுகிறது. திங்கள்கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நடை வேண்டும், முடியாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அர்த்தநாரியின் வண்டி இரண்டு நடைக்கே நாக்குத் தள்ளியது.

வசந்தாமணி சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓடறதுக்கெல்லாம் எழுதியிருக்கீங்ணா. நிக்கறதுக்கு எவ்வளவு?"

அவ்வளவுதான். அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

ஞானம் வேண்டி மலையேறுகிறவர்கள் உண்டு. அர்த்தநாரிக்கு மலையேறினால் போதும், ஞானம் வேண்டியதில்லை. இருந்தும் வீட்டுக்குப் போய் யோசித்தார். பிரேக்கைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டார். பலம் ஏற்றினால் பிரேக்கும் பார்க்க வேண்டியதுதான். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஆறாயிரம் என்று எழுதினார். மறுநாள் காலையில் பட்டறை திறப்பதற்கு முன்பே போய் நின்றார்.

அவள் படித்தாள்.

"இது ஓடற வண்டி நிக்கறதுக்குங். நின்ன வண்டி நிக்கறதுக்கு?"

அர்த்தநாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செலவு என்ன ஆகும் என்று கேட்டால் விடுகதை போடுகிறாள் என்று டீக்கடையில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். நின்ற வண்டி நிற்காமல் பறக்கவா போகிறது என்று கேட்டார். பத்துப் பேரும் அவர் பக்கம்தான் பேசினார்கள்.

அதே சூட்டோடு நாமக்கல் போனார். அங்கே ஒரு புதுக் கடை. ஏசி போட்ட அறை, சுவர் முழுக்கக் கார் படம். கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் எல்லாம் செய்துவிடலாம் என்றார். மேற்கொண்டு முப்பதாயிரத்துக்கு அவராகவே இரண்டு சாமான் சேர்த்தார். நாளை அட்வான்ஸ் கட்டினால் ஞாயிறு சாயங்காலம் வண்டி கையில்.

அர்த்தநாரி திரும்பி வந்தார். ஏனோ மனசு ஒப்பவில்லை. அந்த மனிதர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வண்டியைக் கூடப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவள் மேல் கோபம், கேட்காதவர் மேல் சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் மனிதன் என்னதான் செய்வான்.

வெள்ளிக்கிழமை காலை முப்பது மூட்டை சிமெண்டோடு பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இன்றைக்கு ஒரு பதில் தெரிய வேண்டும், இல்லையென்றால் நாமக்கல்லுக்குப் போகிறேன் என்று சத்தம் போட்டார்.

வசந்தாமணி ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மலைக்குப் போலாம் வாங்ணா."

மலையடிவாரத்தில், காரவள்ளியில், டீக்கு நிறுத்தினார். இறங்கியதும் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அப்புறம்தான் டீ சொன்னார்.

வசந்தாமணி அந்தக் கல்லையே பார்த்தாள். கல்லில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆயுத பூஜை அன்று வண்டியோடு சேர்த்து அதற்கும் பொட்டு வைப்பது அவர் வழக்கம்.

"கைபிரேக்குங்ணா?"

"அது அத்துப்போயி நாலு வருசமாச்சு. கல்லு இருக்கறப்ப அது எதுக்கு?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். பையிலிருந்து ஒரு புதுக் கைபிரேக் கேபிளை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள்.

ஒரு மணி நேரம் ஆனது. காண்ட்ராக்டர் மூன்று தடவை போன் செய்தார். அர்த்தநாரி மூன்று தடவையும் இதோ வந்துட்டேன் என்றார். நான் கேட்டது எஞ்சின், இவள் குடைவது எதை என்று ரோட்டிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடுவில் ராஜாமணியும் கூப்பிட்டாள். சாயங்காலம் எத்தனை மணிக்குச் சங்கிலியோடு பேங்குக்கு வர வேண்டும் என்று கேட்டாள். அப்புறம் சொல்றேன் என்று போனை வைத்தார்.

வசந்தாமணி வெளியே வந்தாள். கட்டைகளை எடுத்துப் பையில் போட்டாள். பிறகு அந்தக் கல்லைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தாள்.

அர்த்தநாரி ஓடிப்போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். நாலு வருஷம் சோறு போட்ட கல்.

மலை ஏறத் தொடங்கினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி வழக்கம்போல முக்கி முனகியது. முன்னால் போன மொபெட் கூட எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இதைத்தான் சொல்கிறேன், இதற்குத்தான் பலம் வேண்டும் என்று அர்த்தநாரி ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். அவள் ரோட்டைப் பார்க்காமல் அவருடைய இடது காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பதினோராவது வளைவு ஏற்றத்தில், "நிறுத்துங்ணா" என்றாள்.

"இங்க வேண்டாம்."

"இங்கதான்."

நிறுத்தினார். கிளட்ச் பாதி, ஆக்ஸிலேட்டர் பாதி. வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் உறுமியது. கருகல் வாசனை வந்தது.

"கைபிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரல் பண்ணுங்ணா."

செய்தார். வலது கால் சட்டென்று பிரேக்குக்குப் போனது. இடது கால் கிளட்சிலேயே இருந்தது.

"காலை எடுங்க."

எடுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இதே வளைவில், செங்கல் லோடோடு, எதிரே வந்த பஸ்ஸுக்காக நிறுத்தியபோது வண்டி பின்னால் உருண்டது. தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வானம். அர்த்தநாரி இதை வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து வண்டி ஓடும்போது அவருடைய இடது கால் கிளட்சை விட்டு எழுந்ததில்லை. ஒரு வருஷத்தில் மூன்று கிளட்ச் பிளேட் போனது. கடைசிப் பிளேட் மாற்றிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. இப்போதெல்லாம் பிளேட் ஒழுங்காகச் செய்வதில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார்.

வசந்தாமணி கதவைத் திறந்து இறங்கினாள். அர்த்தநாரி கண்ணாடியில் அவளைத் தேடினார். அவள் வண்டிக்குப் பின்னால் போய், பின்கதவை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப எடுங்ணா."

அர்த்தநாரி ஜன்னல் வழியே தலையை நீட்டி, தள்ளிப் போ என்றார். புத்தி இருக்கிறதா என்றார். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊரில் நான் எந்த முகத்தோடு நடமாடுவது என்றார். அவள் அசையவில்லை. கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மலை மேல் கோபம், காண்ட்ராக்டர் மேல் கோபம், இவளிடம் போய் யோசனை கேட்ட தன் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம்.

"எடுத்துத் தொலைக்கறேன்" என்றார்.

வலது காலைத் தூக்கினார்.

இடது கால் வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கினார்.

வண்டி நின்றது.

முப்பது மூட்டை சிமெண்டோடு, அந்த ஏற்றத்தில், கல் இல்லாமல், கால் இல்லாமல், சும்மா நின்றது.

அவர் கண்ணில் நீர் வந்தது. கோபத்தில் வருகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பஸ் வளைவுக்கு வந்துவிட்டது. வசந்தாமணி ஓரமாக ஒதுங்கி, போங்க போங்க என்று கையைக் காட்டினாள். அர்த்தநாரி முதல் கியர் போட்டு, கைபிரேக்கை விடுவித்தார். வண்டி பின்னால் ஒரு அங்குலம் கூடப் போகாமல் மேலே கிளம்பியது. கிளட்சை விட்டார். இந்தத் தடவை முழுசாக விட்டார்.

பன்னிரண்டு. பதின்மூன்று. பின்னால் வந்த பஸ்ஸைக் காணோம். பதினெட்டில் அந்த மொபெட்டைத் தாண்டினார். கருகல் வாசனை இல்லை. இருபத்தைந்தில் அவருக்குத் தெரியாமலே ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார்.

முப்பத்தோராவது வளைவில் போன் அடித்தது. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்துவிட்டு எடுத்தார்.

"ஏனுங்ணா, நான் இன்னும் பதினொன்னுலயேதான் நிக்கறேன்" என்றாள் வசந்தாமணி.

அர்த்தநாரி பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதன் மேல் அவளுடைய பை மட்டும் இருந்தது.

மணி பார்த்தார். பதினொன்றிலிருந்து இந்த இடத்துக்கு வர வழக்கமாக ஆகும் நேரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. அவருக்கு மறுபடி எரிச்சல் வந்தது. தன்னை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைத்தார்.

"அம்மணி, உண்மையைச் சொல்லு. எனக்குத் தெரியாம எஞ்சின்ல என்ன பண்ணுன?"

"பானெட்டையே நான் தொறக்கலிங்ணா."

"அப்புறம் எப்படி?"



"எஞ்சின் பலத்தையெல்லாம் கிளட்சுலயே கருக்கிட்டிருந்த உங்க இடது கால் இப்ப எங்கீங்க இருக்குது?"

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். கிளட்சை விட்டுத் தள்ளி, கீழே சும்மா இருந்தது.