மேல்முறையீட்டுக்கு வந்த தகப்பன்

விடை சொன்னால் பரிசு உண்டா என்று கேட்காதீர்கள். இந்தப் புதிரில் வருகிறவர்களுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஒரு சொல்லைக் கோட்டைவிட்டால் விடையும் கூடவே போய்விடும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே செங்கல் சூளையில் கல் சுமக்கிற ஒச்சம்மாளுக்கு ஒரே மகள், அழகுமீனா. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். கட்டணம் கட்டத்தான் வழியில்லை. தகப்பன் காசிமாயன் ஆறு வருடத்துக்கு முன் சாயப்பட்டறை வேலைக்கென்று திருப்பூர் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடியேறிவிட்டான். அதன்பிறகு ஒரு கடிதாசி இல்லை, ஒரு போன் இல்லை. மகள் பெரியவளானபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒச்சம்மாள் தாலியைக் கழற்றவில்லை. நாலு ஆம்பளைகள் நடுவே வேலை பார்க்கிறவளுக்கு அது ஒரு வேலி என்று விட்டுவைத்திருந்தாள்.

மதுரையில் ஒரு கல்வி நிதி, ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு முழுக் கட்டணமும் கட்டிவந்தது. அதன் விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி இது: "தந்தையின் ஆதரவு உண்டா?" மீனா யோசிக்காமல் "இல்லை" என்று எழுதினாள். அலுவலகக் குமாஸ்தா, குவிந்து கிடந்த விண்ணப்பங்களைச் சுருக்கிப் பட்டியல் போட்டபோது, அவள் பெயருக்கு நேரே "தந்தை இல்லை" என்று குறித்துவைத்தார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாளில் தபால் வந்தது. தந்தையின் இறப்புச் சான்று இணைக்கப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்வதானால் மனு அனுப்பிவிட்டு, விசாரணைக்குத் தாயுடன் நேரில் வரவும் என்றிருந்தது. விண்ணப்பத்தின் நகல் வீட்டில் கிடையாது. அப்பன் செத்த பிள்ளைகளுக்குத்தான் இந்த உதவி போலிருக்கிறது என்று தாயும் மகளும் முடிவு கட்டிக்கொண்டார்கள். இருந்தாலும் மேல்முறையீட்டு மனுவை எழுதிப் போட்டார்கள். வேறு கதியில்லை.

இதற்குள் நிதியிலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து, காசிமாயன் எப்போது இறந்தார் என்று டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போனார். நல்லதைச் சொல்லத்தான் ஆள் இருக்காது. அன்றே திருப்பூருக்குப் போன் பறந்தது: "உம் மக நீ செத்துட்டன்னு எழுதிக் குடுத்திருக்காப்பா. வியாழக்கெழம மதுரையில விசாரணையாம்."

கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விசாரணை வியாழன் காலையில் நடந்தது. நிதியின் தலைவர் சங்கரலிங்கம் முன்னால் மீனாவின் விண்ணப்பம் இருந்தது. அதன்மேல் குமாஸ்தாவின் பட்டியல் இருந்தது.

"புருஷன் எப்ப எறந்தாரும்மா?" என்று கேட்டார் தலைவர். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, சலவை வேட்டி சட்டையில் காசிமாயன் உள்ளே வந்தான்.

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன் சார். எவன் செத்தது?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரும்மா இவரு?"

"தெரியாதுங்கய்யா" என்றாள் ஒச்சம்மாள். "இந்தாள நான் பாத்ததே இல்ல."

"ஒங்கழுத்துல கெடக்குறது நான் கட்டுன தாலிடீ!" என்று கத்தினான் காசிமாயன்.

தலைவருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. "அப்ப தாலி கட்டுனது யாரு? இந்தப் பொண்ணு யாருக்குப் பொறந்தது? அதையும் சொல்லுங்க, எழுதிக்கிறோம்." பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஒச்சம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள்: "யாருக்கோ பொறந்ததுன்னே எழுதிக்கங்கய்யா. எம்புள்ளைய மட்டும் படிக்க விடுங்க."

மீனாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "போதும்மா" என்று அழுதாள். "சார், இவருதான் எங்கப்பா."

"தந்தை உயிருடன் உள்ளார்; மேல்முறையீடு தள்ளுபடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தலைவர். விண்ணப்பத்தை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காசிமாயனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாசலில் மகள் தலையைத் தடவினான். "அப்பன் பேரக் காப்பாத்திட்ட தாயி. ஆமா, பத்தாவது எழுதிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் ஒச்சம்மாள் மகளைக் கன்னத்தில் அறைந்தாள். "தவள தன் வாயால கெட்ட மாதிரி கெட்டுட்டியேடி! நாலு ஆம்பள முன்னால நான் அம்புட்டு அசிங்கப்பட்டது எதுக்கு?"

வெள்ளிக்கிழமை போயிற்று. இடமும் போயிற்று.

இனி உங்கள் முறை. தகப்பன் வந்து நின்றான், தாய் பொய் சொன்னாள், மகள் உண்மையைச் சொன்னாள். அழகுமீனாவின் படிப்பைக் கெடுத்தது யார்?

விடை: தகப்பன் என்றுதான் முதலில் வாயில் வரும். அவன் அயோக்கியன், சந்தேகமில்லை. ஆனால் அவன் அங்கே வந்ததால் அவள் விண்ணப்பத்துக்கு ஒரு கேடும் இல்லை. ஏழாவது கேள்வி தகப்பனின் ஆதரவைத்தான் கேட்டது, உயிரைக் கேட்கவில்லை. அவன் குத்துக்கல்லாக நின்றாலும் "இல்லை" என்ற பதில் சரிதான். தாய் பொய் சொல்லியிருக்கவே வேண்டாம். மகள் சொன்ன உண்மையால் எதுவும் கெட்டிருக்கவும் வேண்டாம். குமாஸ்தா செய்தது அவசரப் பிழை. அதைத் திருத்தத்தானே மேல்முறையீடு? பட்டியலைச் சற்று நகர்த்தி அடியில் இருந்த காகிதத்தைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதைப் படிக்காமல் ஒரு பெண்ணின் மானத்தைக் கிளறிக்கொண்டிருந்த சங்கரலிங்கம்தான் கெடுத்தவர். மீனா இப்போது ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறாள். இந்த விடையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நர்ஸ் ஆகியிருக்கலாம் என்றுதான் அவள் நம்புகிறாள். ஒச்சம்மாளும் அதையேதான் நம்புகிறாள்.