புல் கேட்ட உருண்டை

குளக்கரை ஆலமரத்தில் கொம்பாயி என்று ஒரு மந்தி இருந்தது. அதற்குக் குட்டி கிடையாது. ஒருநாள் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒரு கூடையைக் கரையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். கொம்பாயி மூடியைத் திறந்து பார்த்தது. உள்ளே ஒரு கினிப்பன்றி நடுங்கிக்கொண்டிருந்தது. பெயர்தான் பன்றி, பார்வைக்கு வாலில்லாத பெரிய எலி மாதிரி இருந்தது.

கொம்பாயிக்கு மனசு உருகிவிட்டது. உருண்டை என்று பேர் வைத்து, மரப்பொந்தில் இலவம்பஞ்சு பரப்பிக் குடிவைத்தது.

அன்று முதல் ராஜ உபசாரம்தான். தனக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் உருண்டைக்கும் வந்தது. கனிந்த வாழைப்பழம், வேர்க்கடலை, கோயில் மண்டபத்தில் பிடுங்கி வந்த வெல்லக்கட்டி. முதல் நாளே உருண்டை கீழே எட்டிப் பார்த்து, அந்த அறுகம்புல்லில் கொஞ்சம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. கொம்பாயிக்குச் சுருக்கென்றது.

"புல்லா? அது மாடு தின்பது. என் பிள்ளை ஏன் அதைத் தின்ன வேண்டும்?"

உருண்டை அதற்குமேல் கேட்கவில்லை. ஊட்டுகிற கையை நோகடிக்க மனமில்லாமல் வெல்லத்தை நக்கிக்கொண்டது.

ஒரு மாதம் போயிற்று. கொம்பாயி போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுத் தன் செல்லத்தைக் காட்டியது. மரத்தடி வளையில் வசித்த குழிமுத்து என்ற முயலும் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, இது புல் தின்பதே இல்லையா, பல் என்ன ஆவது என்று கேட்டது. முயல் பொறாமையில் பேசுகிறது என்று முடிவு கட்டிய கொம்பாயி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மரமேறிவிட்டது.

சில நாளில் உருண்டையின் பேச்சு குறைந்தது. வைத்த பழம் வைத்தபடியே கிடந்தது. கேட்டால், வயிறு நிறைந்திருக்கிறது என்றது. வலியை வெளியே காட்டுவது அதன் குலத்தில் வழக்கமில்லை. சோர்ந்து கிடப்பதைத்தானே பருந்து முதலில் தூக்கும்! அதனால் கொம்பாயி வரும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை அகலமாக விரித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் காலை அதனால் நிமிர முடியவில்லை. தாடை எச்சிலில் நனைந்திருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. கொம்பாயி அள்ளி எடுத்தது. அடர்ந்த மயிருக்குள்ளே உடம்பு காய்ந்த சுரைக்குடுக்கை போல லேசாக இருந்தது. இத்தனை நாள் தினமும் பார்த்தும் இது தெரியாமல் போயிற்றே என்று கொம்பாயி தன்னையே நொந்துகொண்டது.

உருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே முயல் வளைக்குப் போனது. "அண்ணே, அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்காமல் போனேன். இப்போது என் பிள்ளை சாகக் கிடக்கிறது."

குழிமுத்து குத்திக்காட்டவில்லை. உருண்டையின் வாயைத் திறந்து பார்த்தது. "எங்களுக்கெல்லாம் உயிர் உள்ளவரை பல் வளரும், கொம்பாயி. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். இதற்குக் கீழ்ப்பல் வளைந்து மேலே குத்துகிறது. பசி இருக்கிறது, கடிக்க முடியவில்லை."

பல்லை வெட்ட வேண்டும். வெட்டும் கொடுக்கு குளத்து நண்டிடம்தான் இருந்தது. நண்டு வந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. தலை கொஞ்சம் அசைந்தாலும் நாக்கு போய்விடும், யார் இதை அசையாமல் பிடிப்பது என்று கேட்டது.

"நான் பிடிக்கிறேன்" என்றது கொம்பாயி.

நண்டும் முயலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து கொம்பாயி ஓர் இமைப்பொழுது சும்மா இருந்து யாரும் கண்டதில்லை. ஆனாலும் அது சம்மணமிட்டு உட்கார்ந்து, உருண்டையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தது. நண்டு கொடுக்கை நீட்டிய நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு கொம்பாயியின் தொடையில் ஏறியது. கடித்தது. இன்னொரு இடத்திலும் கடித்தது. கொம்பாயியின் கண்ணில் நீர் கோத்ததே தவிர, விரல் அசையவில்லை. டிக், டிக் என்று இரண்டு சத்தம். பல் துண்டுகள் மண்ணில் விழுந்தன.

அதன் பிறகுதான் கொம்பாயி ஒரு குதி குதித்தது. ஆலமரமே அதிர்ந்தது.

ஈறு ஆற நெல்லிக்காய்ச் சாறு வேண்டும் என்று குழிமுத்து சொன்னது. கொம்பாயி நெல்லிக்காயையும் இளம்புல்லையும் கல்லில் நசுக்கிச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டது. ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஆறாம் நாள் காலை உருண்டை தானாகவே ஒரு புல்லை இழுத்துக் கறுக் கறுக்கென்று மென்றது. கொம்பாயி பக்கத்திலேயே குந்தி, அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

உருண்டையின் குடித்தனம் முயல் வளையின் பக்கத்துக்கு மாறியது. கூட விளையாட முயல்குட்டிகளும் கிடைத்தன. கொம்பாயி தினமும் காலையில் இறங்கி வந்து பல்லைப் பார்க்கும், கையில் தூக்கிக் கனம் பார்க்கும். அப்புறம், எங்கே நோகிறது என்று கேட்கும். இப்போதெல்லாம் உருண்டை எதையும் மறைப்பதில்லை. முயல்குட்டிகள் தன் காதைப் பிடித்து இழுப்பதுவரை ஒன்று விடாமல் சொல்லிவிடும்.

நமக்குப் பிடித்ததை ஊட்டுவது ஆசை. அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டறிந்து கொடுப்பதே அன்பு.