முயலுக்காகக் காத்திருந்த கடை

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பல வருடங்களாக இதை நான் முழுதாக நம்பவில்லை.

சொன்னவன் பழக்கடை தவமணி. அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்தைந்து வயது. வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுச் சலித்துப்போய், "நானும் ஒரு கடை போடட்டுமாடா?" என்று அவனிடம் கேட்கப் போனேன். காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான். பதிலாக இந்தக் கதையைச் சொன்னான். இன்றும் இதை நினைத்தால் கொய்யாப்பழ வாசனை வந்துவிடுகிறது.

ஒரு குளக்கரையில் பெரிய அத்திமரம் இருந்தது. அதன் அடியில் அணில் ஒன்று கடை போட்டது. தரையில் நடப்பவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் எறும்பு மொய்த்த அத்திப்பழம்தான். அணிலோ உச்சிக் கிளைவரை ஏறி, நல்ல பழமாகப் பறித்து இலையில் அடுக்கி வைத்தது. பழம் வாங்குபவர்கள் கம்பு, கிழங்கு, அல்லி விதை என்று ஏதாவது கொடுப்பார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அணிலின் பொந்து நிறைய வேண்டும். உள்ளே மூன்று குட்டிகள் இருந்தன.

கடை திறந்த அன்று முதலில் வந்தது முயல். ஒரு பிடி கொள்ளு கொடுத்துப் பழம் வாங்கியது. அன்று உச்சிப்பொழுதுக்குள் ஒரு பழம் மிச்சமில்லை!

"முயலண்ணே, உங்க கைராசியே ராசி!" என்று அணில் பூரித்துப் போனது. "இனி தினமும் நீங்கதான் போணி பண்ணணும்!"

மறுநாள் விடியும்போதே ஆமை வந்து நின்றது. முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி நடந்திருந்தது.

"நாலு பழம் குடும்மா."

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கண்ணே. முயலண்ணன் போணி பண்ணட்டும், உடனே தர்றேன்."

ஆமை ஒதுங்கி நின்றது. அதன் பின்னால் காட்டுக்கோழி நின்றது. அதன் பின்னால் முள்ளம்பன்றி.

முயலுக்குத் தன் மதிப்பு தெரிந்துவிட்டது. நாளுக்கு நாள் தாமதமாக வந்தது. கொள்ளு கொண்டு வருவதை நிறுத்தியது. "என் கையை நீட்டுறதே பெரிசு!" என்று சொல்லிப் பெரிய பழமாகப் பார்த்து எடுத்தது.

கிளையிலிருந்த காகம் சிரித்தது. "ஏ அணிலு! இது கடையா, முயலுக்கு மாமியார் வீடா?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. முதல் நாள் எப்படி இருந்துச்சுன்னு பார்த்தேல்ல?"

அணில் அந்த முதல் நாளையே நினைத்துக்கொண்டிருந்தது. அன்றைய வெயில், அன்றைய கூட்டம், அன்றைய கலகலப்பு. கண்ணெதிரே நிற்பவர்களின் முகம் அதற்குத் தெரியவில்லை.

முதலில் முள்ளம்பன்றி வருவது நின்றது. பிறகு காட்டுக்கோழி. ஆமை மட்டும் வந்து, நின்று, வாங்கிப் போனது. ஒருநாள் அதுவும் வரவில்லை.

அப்புறம் முயலும் வரவில்லை. மூன்று நாள் ஆயிற்று. பழங்கள் இலையிலேயே அழுகின. வானம் கறுத்தது. பொந்தில் பாதிகூட நிறையவில்லை. பதறிப்போன அணில், முயலைத் தேடிக் குளத்தைச் சுற்றி ஓடியது.

எதிர்க்கரையில் மரநாய் புதுக்கடை போட்டிருந்தது. அங்கே வரிசை நின்றது. அதில் முயலும் நின்றது, ஏழாவது ஆளாக!

"முயலண்ணே! இங்க நீங்க போணி பண்ணலையா?"

"இங்க யாரும் கேட்கலையே!" என்றது முயல், காதைச் சொறிந்துகொண்டு.

வரிசையின் தலையில் ஆமை இருந்தது. அணில் அதன் முன்னால் போய்த் தலைகுனிந்தது.

"என் மேல கோபமாண்ணே?"

"கோபமெல்லாம் இல்லம்மா. உன் பழம்தான் ருசி. ஆனா ராத்திரி பூரா நடந்து வந்து, அப்புறமும் நிக்கணும்னா கால் தாங்கலை. இங்க வந்ததும் குடுத்துடுறாங்க."

அவ்வளவுதான் சொன்னது. பழத்தை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி நடந்தது.

மறுநாள் விடியலில் அணில் கடையைத் திறந்தது. முதலில் வந்தது ஒரு கிழட்டு வௌவால். இறக்கை கிழிந்து, தரையில் தத்தித் தத்தி வந்தது. அதன் முகத்தில் விழிப்பதே ஆகாது என்று காடே சொல்லும். பழத்தை எடுக்கப் போன அணிலின் கை பாதியில் நின்றது.

வௌவால் தயங்கி நின்றது. கையில் இரண்டு இலுப்பை விதை வைத்திருந்தது. "என்னை வச்சா போணி பண்ணப் போறே? நான் வேணா அப்புறம் வரட்டுமா?"

அணில் பொந்தைப் பார்த்தது. மூச்சை இழுத்துவிட்டது.

"முதல்ல வந்தது நீங்கதானே! வாங்கிட்டுப் போங்க!"

அன்று பாதிப் பழம்தான் போயிற்று. வந்தவர் யாரும் காத்து நிற்கவில்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் போயிற்று. பத்து நாளில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். மழைக்கு முதல் நாள் பொந்து நிறைந்தது.

"ராசியான கையைத் தேடாதே, வந்து நிற்கிறவரைக் காக்க வைக்காமல் கவனி, அதுதான் வியாபாரம்" என்று தவமணி கதையை முடித்தான்.

நான் கடை போடவில்லை. எங்கோ ஒரு வேலை கிடைத்தது, போய்விட்டேன். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. சென்ற மாதம் அவனைப் பார்க்கப் போனேன். இருவரும் பழைய நாட்களைப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், இத்தனை வருடம் வாய்வரை வந்து நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு தவமணி. எல்லாரும் திரும்பி வந்தாங்கன்னு சொன்னியே, அந்த ஆமையும் வந்துச்சா?"