தவிட்டுப்பழக் குழம்பு

“அம்மா, நேற்று என் கட்டைவிரலை நக்கிவிட்டேன்.”

குழலம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்க விரல்தானே, அக்கா?”

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குருவான குழலம்மாவைவிட இசக்கியம்மாள் நன்றாக மூத்தவள். இருந்தும் இவள் ‘அம்மா’ என்பாள், குரு ‘அக்கா’ என்பாள். கோத்தகிரிக்கு மேலே இருந்த அந்த மடத்தில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பனியே சொல்லாமல் உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்துகொள்கிற இடம் அது.

“விரலில் ஜாம் இருந்தது,” என்றாள் இசக்கியம்மாள்.

குழலம்மாவின் கை நின்றது.

மகன் ஆவுடையின் அஸ்தியைத் தாமிரபரணியில் கரைத்த அன்று, இடுப்பளவு தண்ணீரில் நின்று இசக்கியம்மாள் இனிப்புச் சாப்பிடுவதை விட்டாள். போனவர்களுக்காகச் சிலர் கத்தரிக்காயை விடுவார்கள், சிலர் வாழைப்பழத்தை. ஆவுடை சீனியை அள்ளி அள்ளித் தின்ற பிள்ளை. அதனால் இவள் இனிப்பையே விட்டாள். கோயில் பொங்கலைக்கூடக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவாள்.

அது தவிட்டுப்பழக் காலம். மலைப் புதர்களெல்லாம் கருநீலமாகக் காய்த்துக் கிடந்தன. மடத்தில் அந்தப் பழத்தைச் சர்க்கரை போட்டுக் கிளறி ஜாம் ஆக்கி வைப்பார்கள். கிளறுவது இசக்கியம்மாள். ருசி பார்க்கமாட்டாள். கொதிக்கிற சத்தத்திலேயே பதம் சொல்லிவிடுவாள். நேற்று கரண்டியை வழித்தபோது, எங்கோ நினைவாக, கை வாய்க்குப் போய்விட்டது.

“எப்படி இருந்தது?”

“தெரியாது.”

“பொய்.”

“நல்லா இருந்தது.” கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். “அந்த ஒரு நொடி ஆவுடை என் நினைப்பிலேயே இல்லை, அம்மா. இந்த விரதம் ஒண்ணுதான் அவனை என்கிட்ட பிடிச்சு வச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா அவனை எங்க போய்த் தேடுவேன்? ஒரு பரிகாரம் சொல்லுங்க.”

குழலம்மா எழுந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“இதுல இருக்கிற இனிப்பை எடுத்துடுங்க. மத்தியானம் எல்லாருக்கும் பரிமாறுங்க.”

“ஜாமிலிருந்து இனிப்பை எப்படி எடுக்கிறது?”

“பரிகாரம் கேட்டது நீங்கதானே.”

இசக்கியம்மாள் பூண்டை வதக்கினாள். புளியைக் கெட்டியாகக் கரைத்து விட்டாள். ஜாமைக் கவிழ்த்தாள். உப்பு. மிளகாய். மிளகைத் தட்டி இன்னொரு கை. பகையாளிக்குச் சமைக்கிற மாதிரி சமைத்தாள். ஊதா நிறம் மெல்லக் கறுத்தது. பனி ஜன்னல் வழியாக வந்து, வாசனையை வாரிக்கொண்டு, மரங்களுக்குள் போனது.

பந்தியில் தோட்டக்காரர் பரஞ்சோதி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“யார் வச்ச குழம்பு இது? காதுல புகை வருது.”

“அப்படின்னா மோர் ஊத்தட்டுமா, அண்ணாச்சி?” என்றாள் இசக்கியம்மாள்.

“மோரா? குழம்புச் சட்டியை இங்கேயே வச்சிட்டுப் போம்மா.”

எல்லோரும் எழுந்த பிறகு குழலம்மா தன் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டாள்.

“உட்காருங்க அக்கா. இனிப்பு போயிடுச்சான்னு பார்க்கணுமே.”

“இருந்துட்டா?”

“இருந்தா எடுத்துடலாம்.”

இசக்கியம்மாள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். முதலில் காரம் வந்தது. புளிப்பு வந்தது. பிறகு, எல்லாம் அடங்கிய பிறகு, வெகு தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவதுபோல் வந்தது. கண் நிறைந்தது.

“போயிடுச்சா?”

“இல்லை, அம்மா.”

“எங்க இருக்கு, காட்டுங்க.”

இசக்கியம்மாள் விரலால் சோற்றை ஒதுக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒதுக்கினாள். அந்தப் பக்கம் ஒதுக்கினாள். வெளியே ஒரு மேகம் முற்றத்தைக் கடந்து போயிற்று.

“காட்ட முடியலை,” என்றாள் கடைசியில். “எல்லாப் பருக்கையிலும் இருக்கு.”

“அப்போ ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க, அக்கா.”