போர்ட்டோவில் பறந்த கூறைப்புடவை

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஆறு. ஆத்தங்கரை பூரா வீடு, வீட்டுக்கு மேல வீடு, அதுக்கும் மேல வீடு. நம்ம கொலுப்படி மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க. சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமா ஓடு பதிச்சிருக்கும். போர்ச்சுக்கல்னு ஒரு தேசம், அதுல போர்ட்டோன்னு ஒரு பழைய பட்டணம். ஆத்துப் பேரு டோரு. சொல்லு பாப்போம்.

"டோரு."

ம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். இல்லைன்னா கதை பாதியில நின்னுடும், அத்தையைக் குத்தம் சொல்லக்கூடாது.

அந்த ஊருக்கு நம்ம தூத்துக்குடியிலருந்து மிக்கேலம்மான்னு ஒருத்தி போனா. எதுக்குப் போனா? மகன் கல்யாணத்துக்கு. மகன் ஜெரால்டு அங்கதான் வேலை பார்த்தான். அங்க இனேஷ்னு ஒரு பொண்ணு, அவளை அவனுக்குப் பிடிச்சுப்போச்சு. போன்ல மூஞ்சியைப் பார்த்ததுமே மிக்கேலம்மாவுக்கும் பிடிச்சுப்போச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் வர்றேன் வர்றேன்னாங்க. நாத்தனார் பெட்டியே கட்டிட்டா. ஆனா ஒருத்தருக்கும் விசா கிடைக்கல. கடைசியில மாப்பிள்ளை வீடுன்னு போய் இறங்கினது இவ ஒருத்திதான். கையில ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள அரக்குச் சிவப்புல ஒரு கூறைப்புடவை.

அவங்க பக்கத்துல, மாப்பிள்ளை வீட்டுக் கூறைப்புடவையை மாதா கோயில் சாமியார் மந்திரிச்சுக் குடுத்து, வெள்ளை கவுனை மாத்தி அதைப் பொண்ணு கட்டினாத்தான் கல்யாணம் நிறைவா இருக்கும். கோயிலு, பூவு, விருந்து எல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்துக்கிட்டாங்க. இவ கொண்டுபோக வேண்டியது அந்தப் புடவை ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னா, ஆளும் இல்லாம பொருளும் இல்லாம வெறுங்கையை வீசிக்கிட்டுல்ல போய் நிக்கணும்? புரியுதா?

"ம்."

கல்யாணத்தன்னிக்கு மத்தியானம், ஒரு சந்துல இருக்கிற மகன் வீட்டுல பெட்டியைத் திறந்தா, குப்புனு அந்துருண்டை வாசம். ஐயய்யோ, மருமக மூக்கைப் பொத்திக்குவாளேன்னு மிக்கேலம்மா சுத்திமுத்திப் பார்த்தா. அந்தச் சந்துல எல்லா ஜன்னல்லயும் துணி தொங்குது. சட்டை, துண்டு, போர்வை, ஒரு தாத்தாவோட நீளக் கால்சட்டை. சரி, நம்மளும் கொஞ்சம் காத்தாடப் போடுவோம்னு நினைச்சா.

காத்தைப் பத்தி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா தோணிக்காரர். மத்தியானம் கடக்காத்து வரும், தூத்துக்குடியில கடல் கிழக்கால. அதனால காத்து நேரா அடிக்காதபடி மேக்க பார்த்த ஜன்னலாத் தேடித் தொங்கவிட்டா. கிளிப்புகூடப் போடல. மிக்கேலம்மாவா கொக்கா! ஆனா போர்ட்டோவுல கடல் மேக்கால இருக்கு. அதை அவ யோசிக்கவே இல்ல.

அப்போ என்னாச்சு? சர்ர்ர்ர்னு ஒரு காத்து ஆத்தோட வந்துச்சு. புடவை படபடபடன்னு அடிச்சுது, விரிஞ்சுது, எந்திரிச்சுது. ஓட்டுக் கூரைக்கு மேல ஏறி, செக்கச்செவேல்னு ஒரு பாம்பு மாதிரி நெளிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு. அழுதுக்கிட்டு உக்கார மிக்கேலம்மாவுக்கு எங்க நேரம்? நாலு மணிக்குக் கல்யாணம். முந்தானையைச் செருகிக்கிட்டு இறங்கினா பாரு, தடதடதடன்னு.

"செருப்பு போட்டிருந்தாளா அத்தை?"

போட்டிருந்தா. நீ ம் மட்டும் கொட்டு.

"ம்."

அந்த ஊர்ல தெருவுன்னா தெருவு இல்ல, எல்லாம் கல்லுப்படி. ஏறு, இறங்கு, வளை, மறுபடி ஏறு. ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டிக்கணும். தெருவுலயே அடுப்பை வச்சு சாளை மீன் சுடுறாங்க. வாசம் பிடிச்சுக்கிட்டு நிக்கவா முடியும்? மூச்சு வாங்க ஏறினா, அங்க ஒரு பால்கனியில புடவை மாட்டிக்கிட்டிருக்கு. ஒரு கிழவி அதை உள்ள இழுத்துக்கிட்டிருக்கா. அவ பேரு ஒலிண்டா. இடுப்புல ஏப்ரன், கால்ல வீட்டுச் செருப்பு, நாக்குல மிளகாப்பொடி.

"ஏம்மா! அது என் புடவை, குடும்மா!"ன்னு இவ தமிழ்ல கத்துறா. ஒலிண்டா அவ பாஷையில பொரிஞ்சு தள்ளுறா. ஒருத்தி சொல்றது இன்னொருத்திக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா சண்டை மட்டும் நல்லாப் போச்சு. அப்புறம் மிக்கேலம்மா வாயை மூடிட்டுக் கையால சொன்னா. தலையில முக்காடு போட்டுக் காட்டினா, கழுத்துல தாலி கட்டுற மாதிரி காட்டினா, மேல கோயில் மணிக்கூண்டைக் காட்டினா, நெஞ்சைத் தொட்டு, "என் மகன்"னா. ஒலிண்டா அப்படியே நின்னுட்டா. அடடா, கல்யாணப் பொண்ணு சேலையா! பிடியைத் தளர்த்திட்டு, குடுக்கிறதுக்குக் கையை நீட்டினா.

அப்போ பார்த்து, சர்ர்ர்ர்!

"போயிருச்சா?"

போயிருச்சு! ஒலிண்டாவுக்கு மனசு தாங்கல. நம்ம கையிலருந்துல்ல போச்சுன்னு ஏப்ரனோட இறங்கி ஓடிவந்தா. சும்மாவா வந்தா? சந்து முழுக்கக் கூவிக்கிட்டு வந்தா. ஒவ்வொரு ஜன்னல்லருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்துச்சு.

புடவை எங்க போச்சு? பாலத்துக்கு. அந்த ஆத்து மேல ஒரு இரும்புப் பாலம் இருக்கு, பாலத்துக்கு மேல பாலம், ரெண்டு அடுக்கு. மேலடுக்குல ரயிலு போகும், மனுஷனும் நடப்பான். அந்த உச்சியில, நட்டநடுவுல, கைப்பிடிக் கம்பியில புடவை சுத்திக்கிட்டிருக்கு. கீழ பார்த்தா ஆறு எங்கேயோ கிடக்கு, படகெல்லாம் வேர்க்கடலைத் தோல் மாதிரி தெரியுது.

மிக்கேலம்மா கடலுக்குப் பயப்பட மாட்டா. உசரம்னா மட்டும் அவளுக்கு ஆகாது. மச்சுல ஏறினாலே தலை சுத்தும். இப்போ ஒலிண்டாவோட கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. கீழ பார்க்காத, புடவையைப் பாரு, புடவையைப் பாருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு ஒவ்வொரு அடியா வச்சா. நாலு விரக்கடை தூரத்துல வந்துட்டா. கையை நீட்டிட்டா. அப்போ பின்னாடி டிங் டிங் டிங்! ரயிலு வந்துச்சு. விருட்டுனு அது போன வேகத்துல புடவை சுத்து அவுந்து, கீழ, கீழ, கீழ... பொத்துனு ஆத்துல விழுந்துச்சு.

"ஐயோ."

ஐயோதான். அந்தப் பக்கம் வைன் பீப்பா ஏத்துற பழைய மாதிரிப் படகு ஒண்ணு டூரிஸ்டுங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு. படகுக்காரன் துரட்டிக் கம்பால புடவையை வாரி எடுத்தான். பார்த்தான், நல்ல சிவப்பு, கொடியாக்கிடுவோம்னு பாய்மரத்துல கட்டிட்டான். கட்டிட்டு, கடலைப் பார்த்து அவன் பாட்டுக்குப் போறான்!

மிக்கேலம்மா ஒலிண்டாவை இழுத்துக்கிட்டுப் படியெல்லாம் இறங்கிக் கரைக்கு ஓடிவந்தா. படகு பாதி ஆறு போயிருச்சு. நீந்தவா முடியும்? அவ ரெண்டு கையையும் வாய்ல குவிச்சு, சின்ன வயசுல அப்பா தோணியைக் கரையிலருந்து கூப்பிடுவாளே, அந்தக் குரலை எடுத்தா.

"ஏஏஏஏலேய்! திருப்புலேய்ய்ய் படகை!"

அந்தக் கரை இந்தக் கரை ரெண்டும் அதிர்ந்துபோச்சு. உக்காந்திருந்த கடல்புறா எல்லாம் ஜிவ்வுனு பறந்துருச்சு. கரையிலருந்து அப்படி ஒரு குரல் வந்தா எந்த ஊர்ப் படகுக்காரனுக்கும் அர்த்தம் தெரியும். திருப்பிட்டான்.

புடவை கைக்கு வந்துருச்சு. ஆனா என்னத்தைச் சொல்ல. சொட்டச்சொட்ட நனைஞ்சு, ஆத்துச் சேறு வாசம். மணி மூணைத் தாண்டிருச்சு. அப்போதான் மிக்கேலம்மா கரையில உக்காந்து அழுதா. "ஒத்தையா வந்தேன். இருந்த ஒண்ணையும் நாசம் பண்ணிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை முன்னாடி நிப்பேன்"னு அழுதா. பாவமா இருந்துச்சு, பார்க்க.

"ம்."

அப்போ ஒலிண்டா ஒரு அதட்டு அதட்டினா. நல்ல தண்ணியில புடவையை அலசினா. ஒரு முனையைத் தான் பிடிச்சா, இன்னொரு முனையை இவ கையில திணிச்சா. விரிச்சுப் பிடிச்சா நடுவுல தொங்குது, தரையில இழுபடும். ஒலிண்டா சந்துப் பக்கம் பார்த்து ஒரு கூவு கூவினா. அவ்வளவுதான்! ஜன்னல்ல எட்டிப்பார்த்த தலையெல்லாம் இப்போ காலோட வந்துச்சு. சாளை சுட்டவ வந்தா, கையில மாவோட ரொட்டிக்காரி வந்தா, நீளக் கால்சட்டைத் தாத்தா வந்தாரு. ஆளுக்கொரு ஓரம் பிடிச்சுக்கிட்டாங்க. படகுக்காரன் படகைக் கட்டிப்போட்டுட்டு வந்து அவனும் பிடிச்சான்.

"டூரிஸ்டெல்லாம்?"

அவங்களும் பின்னாடியே வந்தாங்க, போட்டோ எடுத்துக்கிட்டு. அப்புறம் எல்லாருமா புடவையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறினாங்க. ஏறு, வளை, மறுபடி ஏறு. வெயிலு மேல அடிக்குது, காத்து கீழ அடிக்குது. திருடின காத்தே காயவும் வச்சுது. ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் யாராவது என்னன்னு கேப்பாங்க, ஒலிண்டா சொல்லுவா, அவங்களும் சேர்ந்துக்குவாங்க. ஒருத்தன் எங்கிருந்தோ ஒரு மேளத்தைக் கொண்டாந்து டும் டும் டும்னு அடிக்க ஆரம்பிச்சுட்டான்.

டாங், டாங், டாங், டாங். நாலு மணி. கோயில் வாசல்ல இனேஷ் வெள்ளை கவுனோட வழியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. பக்கத்துல அவ அப்பா. ஜெரால்டு நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்போ படி முனையில மொதல்ல சிவப்பாத் தெரிஞ்சுது. அப்புறம் புடவை. அப்புறம் அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஊரே ஏறி வருது, ஏப்ரனோட, மாவுக்கையோட, வீட்டுச் செருப்போட. முன்னாடி மிக்கேலம்மா, தலை நிமிர்ந்து.

இனேஷ் படிக்கட்டுல ஓடிவந்து புடவையை ரெண்டு கையாலயும் வாங்கி மூஞ்சியில ஒத்திக்கிட்டா. ஜெரால்டு கேட்டான். "அம்மா! யாரும்மா இவங்கெல்லாம்?"

"என்னடா கேள்வி இது?"ன்னா மிக்கேலம்மா. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்கடா. தள்ளு, எல்லாரும் உள்ள வரட்டும்."

வந்தாங்க. கோயில்ல மாப்பிள்ளை பக்கத்து பெஞ்சு பூரா நிறைஞ்சு, இடம் இல்லாம தூணோரமாவும் நின்னாங்க. பொண்ணு பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் கூட்டம்.

...ம் காணோமே? தங்கம்? அடிக் கள்ளி, தூங்கிட்டியா. சரி, புடவை காஞ்சுது, பொண்ணு கட்டிக்கிட்டா, கதை கரை சேந்துச்சு. நீ தூங்கு.