ஈரல்காரன் சொன்னதும் சுருள் சொன்னதும்

பாபிலோன்ல ஒரு வாய்க்கால் கரை. பாபிலோன்காரங்க எருசலேமை எரிச்சுட்டு, அங்கருந்து பிடிச்சுட்டு வந்த ஜனங்களை அந்தக் கரையிலதான் குடி வெச்சிருந்தாங்க. பகல் முழுக்க ராஜாவுக்குச் செங்கல் அறுக்கணும். மிச்ச நேரம்தான் அவங்களுக்கு.

அங்க திர்சாள்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க அப்பா எருசலேம்ல எழுத்தரா இருந்தவரு. ஒரு தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல அவரு எழுதின தோல் சுருள் இப்போ இவங்க கையில. யாருக்கு எழுத்து கத்துக்கணும்னாலும் இவங்ககிட்டதான் வரணும்.

அப்படி வந்த சீடர்தான் எல்நாத்தான். குருவை விட இருபது வயசு பெரியவரு! கொத்தனார். கல்லைத் தூக்கித் தூக்கிக் காய்ச்சுப் போன கை. அந்தக் கையில எழுதுகோல் நாலு தடவை உடைஞ்சிருக்கு.

ஒரு நாள் மத்தியானம் அவரு ஒரு தோலைக் கொண்டுவந்து குரு முன்னாடி வெச்சாரு.

"என் பொண்ணு இது வேண்டாம்னுட்டா, குருவே."

பொண்ணு பேரு யெமீமாள். ஏழு மாச கர்ப்பம். அவ புருஷனை ரொம்ப தூரத்துல, தெற்கே வாய்க்கால் வெட்டற வேலைக்கு அனுப்பறாங்க. அவளும் கூடப் போறா. மறுநாள் காலைல படகு. போற ஊர்ல நம்ம ஜனம்னு ஒருத்தர்கூடக் கிடையாது.

"என்ன சொல்லி வேண்டாம்னா?"

"பிறக்கப் போற பிள்ளைக்கு நம்ம பேச்சைக் கத்துக்குடுக்கவே போறதில்லையாம். 'போகவே போகாத ஊரோட பேச்சு எதுக்குப்பா, இந்த ஊர்ப் பேச்சு பேசினாலாவது நாலு பேர் மதிப்பாங்க'ங்கறா. சரி, தீர்க்கதரிசி வாக்கைக் கேட்டா மனசு மாறுவான்னு ராவும் பகலுமா இதை எழுதினேன். படிச்சுக் காட்டினேன். சிரிக்கிறா!"

"சிரிச்சாளா?"

"'ஈரல்காரன் இதை விட நல்லா சொல்றாம்பா'ன்னா."

திர்சாளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சந்தைல ஆட்டு ஈரலைப் பார்த்துக் குறி சொல்ற பாபிலோன்காரன் ஒருத்தன் இருந்தான். நம்ம ஆளுங்க போகக் கூடாதுதான். ஆனா போனாங்க.

"அவளுக்கு என்ன சொன்னானாம்?"

"சுகப் பிரசவம், ஆம்பளைப் பிள்ளை, வீடு நிறைய தானியம்."

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு?"

"அதேதான்."

"யாருக்காவது கெட்டது சொல்லியிருக்கானா?"

"சொன்னா மறுபடி எவன் குருவே அவன்கிட்ட போவான்?"

திர்சாள் தோலைப் பிரிச்சாங்க. எழுத்து கோணல் மாணலாதான் இருந்துச்சு, ஆனா தப்பே இல்லை. ஜனங்க எருசலேமுக்குத் திரும்பிப் போவாங்க, திராட்சை போடுவாங்க, கல்யாண சத்தம் கேட்கும். எல்லாம் இருந்துச்சு.

"சுருள்ல பாதிதானே இது? முதல் பாதி எங்க?"

எல்நாத்தான் தலையைக் குனிஞ்சாரு. "ஒரு தோல்தான் கிடைச்சுது."

"பின்பக்கம் காலியா இருக்கே."

"வயித்துப் பிள்ளைக்காரி குருவே! அதுல நெருப்பு, பஞ்சம், பிணம். அதெல்லாம்தான் நடந்து முடிஞ்சு போச்சே. இனிமே எதுக்கு?"

"எழுதுங்க."

"என்னால முடியாது. அதுல அவ அம்மா இருக்கா."

"தெரியும். எழுதுங்க."

மை கரைச்சுக் குடுத்தாங்க. அவரு எழுதினாரு. ஒரு இடத்துல கை நின்னுச்சு. மூக்கைத் துடைச்சுட்டு மறுபடி எழுதினாரு.

முடிக்கற நேரம் யெமீமாள் இடுப்பைப் பிடிச்சுட்டு வந்து நின்னா. "அப்பா, மூட்டை கட்டணும், வா. அக்கா, நீங்களாவது சொல்லுங்க, இந்த நல்ல வார்த்தை எல்லாம் எனக்கு வேண்டாம்."

"நல்ல வார்த்தை இல்லை. கேளு"ன்னு திர்சாள் ஈர எழுத்தைப் படிச்சாங்க.

"'வடக்கு மதில் உடையும். ரொட்டிக்காரங்க தெருவுல அடுப்பு குளிர்ந்து கிடக்கும். தன் பங்கைப் பிள்ளை வாயில வெச்சுட்டு, தாய் சுவர் ஓரமா சாய்வா. மறுபடி எழுந்திருக்க மாட்டா.'"

யெமீமாள் இடுப்புல இருந்து கையை எடுத்தா. பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டப்போ அவங்க வீடு அந்தத் தெருவுலதான்; அவளுக்கு அப்போ ஏழு வயசு.

"அப்பா, இதை எதுக்கு இவங்ககிட்ட சொன்ன?"

"நான் சொல்லலை."

"நீ சொல்லாம எப்படித் தெரியும்? அம்மா கடைசி ரொட்டியை எனக்குக் குடுத்தது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்!"

"உங்க வீட்டுல மட்டுமா நடந்துச்சு?"ன்னாங்க திர்சாள். "எங்க வீட்டுலயும்தான். இது உன் கதையைக் கேட்டு எழுதினதில்லை. எங்கப்பா எழுதும்போது நீ தொட்டில்ல இருந்த. அப்போ அடுப்பெல்லாம் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் யாரும் ஊரை விட்டுப் போகலை?"

எல்நாத்தான்தான் மெதுவா வாயைத் திறந்தாரு.

"சந்தை வாசல்ல நின்னு அந்த மனுஷன் இதைக் கத்திச் சொன்னாரு. நான் அப்போ வடக்கு மதிலுக்குக் கல் வெச்சுட்டு இருந்தேன். 'யோவ், நான் கட்டின சுவரு விழாது'ன்னு மேல இருந்து சிரிச்சேன். என்னோட சேர்ந்து தெருவே சிரிச்சுது."



யெமீமாள் கையை நீட்டித் தோலைத் தொட்டா. எழுத்து தெரியாது அவளுக்கு. விரல் நுனில மை ஒட்டுச்சு.

"நேத்து நான் சிரிச்சது?"

"அது அந்தப் பக்கம்."

"அதுவும் அதே ஆள் சொன்னதா?"

"அதே ஆள். அதே வாரம்."

"திருப்புங்க அக்கா."

திர்சாள் திருப்பினாங்க. "'நீங்க போக மாட்டீங்க. உங்க பிள்ளைகளோட பிள்ளைகள் போவாங்க.'"

எல்நாத்தான் வாய்க்காலைப் பார்த்தாரு. யெமீமாள் அப்பாவைப் பார்த்தா. அப்புறம் குனிஞ்சு தன் வயித்தைப் பார்த்தா.

"அக்கா, இந்த எழுத்தெல்லாம் கத்துக்க எவ்வளவு நாளாகும்?"

"உங்கப்பாவுக்கு நாலு வருஷம் ஆச்சு."

"எனக்கு நாளைக்குக் காலைல படகு."

திர்சாள் ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணைச் சமமாக்கினாங்க.

"அப்புறம் ஏன் நிக்கற? உட்காரு. வெளிச்சம் போறதுக்குள்ள ரெண்டு எழுத்தாவது போட்டுடலாம்."