வேண்டாதது என்றொரு ஃபில்டர்

இதை எனக்கு முதலில் சொன்னது என் இரண்டாவது மகள் ஹெப்சிபா. போன தவக்காலத்தில், லெந்து நாட்களில், ஆராதனை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் ஆபீசில் நடந்ததாம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவள் விளங்கவைத்தபடி சொல்கிறேன்.

பச்சைக் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப்புக்கு அங்கே புரோகிராம் எழுதுகிறார்கள். அங்கே குரு என்றால் வஹிதா. முப்பத்து மூன்று வயது. சிஷ்யர் தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு. மில் மூடினபின் இந்த வேலைக்கு வந்த மெக்கானிக்.

புரோகிராம் முந்நூறு ஃபைலாக ஒரே குவியலாய்க் கிடந்தது. தணிகாசலம் இரண்டு நாள் உட்கார்ந்து, ஃபில்டர் என்று தனித்தனித் தலைப்பு போட்டு வகை பிரித்தார். திரைக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, மருந்தளவுக்கு ஒன்று. பெரியவர்களுக்கு மருந்து கணக்கிடும் பழைய ஃபைல் இனி எதற்கு என்று, அதை 'வேண்டாதது' என்ற ஃபில்டரில் தள்ளிவிட்டார்.

"பாருங்க மேடம், கல்யாணப் பந்தி மாதிரி வரிசையா இருக்கு."

"சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேங்ணா."

புரோகிராம் ஏற்றின பம்ப் அன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மறுநாள் காலை ஒரு குழந்தைக்கு அந்தப் பம்ப்பை மாட்டப்போகிறார்கள்.

மூன்றரைக்குத் தண்ணீர் வைத்து, சொட்டு விழ ஒரு டம்ளரும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழவேண்டும். பன்னிரண்டு விழுந்தது.

தணிகாசலம் மருந்தளவு ஃபில்டரைத் திறந்து வரி வரியாகப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்குங்க மேடம். பம்ப்தான் கெட்டிருக்கோணும்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்ல சார்," என்றார் வஹிதா.

அவர் போனதும் தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "வேற பம்ப்பை வெச்சு அனுப்பிடலாங்களா?"

"பழைய கணக்கு எங்கங்ணா?"

"அதை எடுத்தாச்சுங்க. வேண்டாததுல போட்டாச்சு."

வஹிதா பம்ப் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, பம்ப்பையும் டம்ளரையும் சேர்த்துக் கவிழ்த்து மூடினார்.

"சொட்டு தெரியுதாங்ணா?"

"இல்லீங்க."

"கேளுங்க."

பெட்டிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது. தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். பன்னிரண்டு.

வஹிதா கம்ப்யூட்டரில் ஃபைல்கள் நிஜமாகவே இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினார். முந்நூறும் அதே குவியலாகக் கிடந்தன. பிரித்ததெல்லாம் பார்வைக்கு மட்டும்தான். பழைய கணக்கும் புரோகிராமோடு சேர்ந்துபோய், புதுக் கணக்கைத் தள்ளிவிட்டுத் தானே ஓடிக்கொண்டிருந்தது.

அதைச் சேர்க்கவேண்டாம் என்று குறித்து, புரோகிராமை மறுபடி உருவாக்கிப் பம்ப்பில் ஏற்றினார்கள். நாலு மணி தாண்டிற்று. மேனேஜர் வந்து நின்றார்.

"அஞ்சாகும் சார். திட்டுறதா இருந்தா உட்கார்ந்து திட்டுங்க," என்றார் வஹிதா.

அவர் உட்கார்ந்தார். திட்டவில்லை. பெட்டியை எடுத்தார்கள். ஒரு நிமிஷம், ஒரு சொட்டு. பத்து நிமிஷம் பார்த்தார்கள். பத்துச் சொட்டு.

அனுப்பினபிறகும் தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஃபில்டரையெல்லாம் அழிச்சுடட்டுங்களா மேடம்?"

"எதுக்குங்ணா? நல்லாத்தான் அடுக்கியிருக்கீங்க, நமக்குத் தேடச் சுளுவா இருக்கும். அந்தக் குழந்தைக்குத்தான் அந்த அடுக்கு தெரியாது, உள்ளே ஓடுறதுதான் போய்ச் சேரும்."

இதைக் கேட்டவர்கள், இன்றைக்கு ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது, பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.